1780 என்று அச்சிட்டு இன்றும் அடிக்கிறார்கள்: மரியா தெரேசா தாலர், ஒரு நிகழ்வு ஆய்வு

உலக நாடுகளின் வெள்ளிக் காசுகளைச் சேர்க்க ஆரம்பிக்கும் யார் கையிலும் சீக்கிரமே வந்து சேரும் காசு ஒன்று உண்டு. உள்ளங்கை நிறையும் அளவு. ஒரு பக்கம் முக்காடிட்ட, பூசினாற்போன்ற உடம்புள்ள அம்மையார். மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு. எழுத்து வட்டம் முடியும் இடத்தில் 1780. விற்பவர் "இருநூத்தி நாப்பது வருஷத்துப் பழசு சார்" என்பார். வாங்கியவர் வீட்டுக்கு வந்து விசாரித்தால் "இது பின்னாளில் அடித்தது, வெள்ளி விலைதான் தேறும்" என்பார்கள். அதோடு அந்தக் காசு அலமாரியில் கடைசித் தட்டுக்குப் போய்விடும்.

இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மைதான். வெள்ளி நாணய வரலாற்றில் இவ்வளவு விசித்திரமான வாழ்க்கை வாழ்ந்த காசு வேறு ஏதாவது உண்டா என்று எனக்குச் சந்தேகம். ஒரே ஆண்டு, ஒரே முகம், ஒரே எடை. அடித்த இடங்களோ ஒரு டஜனுக்கும் மேல், பம்பாய் உட்பட. அது எப்படி நடந்தது, அப்படி ஒன்று கையில் வந்தால் அதை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசின் கட்டுமானம்

மரியா தெரேசா 1740இல், ஆஸ்திரியாவை மையமாகக் கொண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து நாடுகளின் ஆட்சிக்கு வந்தவர். அவர் முகம் போட்ட தாலர்கள், அதாவது பெரிய வெள்ளிக் காசுகள், 1741 முதலே வந்துகொண்டிருந்தன. 1753இல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு கொலோன் மார்க், அதாவது 233.856 கிராம் சுத்த வெள்ளியிலிருந்து 10 தாலர் அடிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்குதான் இன்றுவரை மாறாமல் நிற்கிறது. காசின் எடை 28.07 கிராம். ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மட்டும் 23.39 கிராம். குறுக்களவு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர்.

நம் ஊரில் பலர் வீட்டிலும் இருக்கும் விக்டோரியா ரூபாயோடு ஒப்பிட்டால் அளவு புரியும். ரூபாயின் எடை 11.66 கிராம், தரம் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. தரத்தில் ரூபாய்தான் ஒசத்தி. ஆனால் ஒரு தாலரில் இரண்டு ரூபாய்க்கும் மேலான வெள்ளி இருக்கிறது.

முக்காட்டுக்கும் காரணம் உண்டு. 1765இல் கணவர் முதலாம் பிரான்சிஸ் இறந்ததும் மரியா தெரேசா துக்க உடைக்கு மாறினார். சாகும்வரை அதை விடவில்லை. அதனால் அவருடைய கடைசிக் காலக் காசுகளில் வயதான, முக்காடிட்ட முகம். தலையணியில் முத்துகள், தோளில் முத்துப் பதித்த ஊசி. சுற்றிலும் லத்தீனில் பட்டங்கள்: இறையருளால் ரோமானியப் பேரரசி, ஹங்கேரிக்கும் பொஹீமியாவுக்கும் அரசி. கழுகுப் பக்கத்தில் மீதிப் பட்டங்கள்: ஆஸ்திரியா, பர்கண்டி, டிரோல். முகத்துக்குக் கீழே எஸ், எஃப் என்று இரண்டு எழுத்துகள்.

விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் எழுத்து. யுஸ்தீத்சியா எத் கிளெமென்த்சியா, நீதியும் கருணையும். அரசியின் கொள்கை வாசகம் அது. இடையிடையே பூவேலை. அழகுக்காக மட்டும் போட்டதில்லை. வெள்ளிக் காசின் ஓரத்தைச் சுரண்டித் துகள் சேர்ப்பது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்த திருட்டு. விளிம்பில் எழுத்திருந்தால் சுரண்டியது உடனே தெரிந்துபோகும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலால் தடவிப் பார்த்தே காசு முழுசா, குறையா என்று சொல்லிவிடலாம். இந்தக் காசு சம்பாதித்த நம்பிக்கையில் பெரும்பங்கு அந்த விளிம்புக்குச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அரசி போனார், முகம் போகவில்லை

1780 நவம்பர் 29 அன்று மரியா தெரேசா இறந்தார். மகன் இரண்டாம் ஜோசப் ஆட்சிக்கு வந்தார். முறைப்படி இனிமேல் அடிக்கும் தாலரில் ஜோசப் முகம்தான் வர வேண்டும். வரவும் செய்தது. செங்கடல் பக்கத்து வணிகர்கள் அதை வாங்க மறுத்தார்கள்.

இந்த மறுப்பைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து வணிகத்தைப் பார்க்க வேண்டும். ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஐரோப்பா காபி வாங்கிக்கொண்டிருந்தது. பதிலுக்கு ஏமன்காரர்கள் விரும்பி வாங்கும் சரக்கு ஐரோப்பாவிடம் அதிகம் இல்லை. எனவே வெள்ளியைக் கொட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. த்ரியெஸ்த், லிவோர்னோ, மார்சே துறைமுகங்களில் ஏற்றிய தாலர்கள் அலெக்சாண்ட்ரியா வழியாக ஜித்தா, மோக்கா, மசாவா என்று இறங்கின. வியன்னாவில் யோஹான் ஃப்ரீஸ் என்ற வங்கிக்காரர், கீழை நாடுகளுக்குத் தாலர் அனுப்பும் உரிமையை வைத்தே பெரும் பணக்காரர் ஆனார். மோக்காவில் சேர்ந்த ஐரோப்பிய வெள்ளியில் ஒரு பகுதி அங்கேயும் நிற்கவில்லை. இந்தியத் துணிக்கு விலையாகச் சூரத்துக்குக் கப்பல் ஏறியது. உருக்கி ரூபாயாக அடிபட்டது.

அரபுக் கரையில் இருந்த சாதாரண வியாபாரிக்கு வியன்னாவில் யார் ஆள்கிறார் என்பது செய்தியே இல்லை. முக்காடிட்ட அம்மா, தோளில் முத்து ஊசி, பின்னால் பறவை, விளிம்பில் எழுத்து. இவையெல்லாம் சரியாக இருந்தால் வெள்ளி சரியாக இருக்கும் என்பது இரண்டு தலைமுறை அனுபவம். புது முகம் வந்தால் கூடவே புதுச் சந்தேகமும் வரும்.

அன்று ஹாப்ஸ்பர்க் வசமிருந்து இன்று பவேரியாவில் இருக்கும் கியூன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஒரு நாணயசாலை இருந்தது. அதன் அதிகாரிகளான ஷோபல், ஃபாபி ஆகியோரின் முதலெழுத்துகள்தான் அந்த எஸ், எஃப். பக்கத்து ஊரான ஆக்ஸ்பர்க்கின் வெள்ளி வணிகர்கள் அங்கே போய், இறந்த அரசியின் முகத்திலேயே அடித்துத் தரும்படி கேட்டார்கள். வெள்ளியைக் கொண்டுவருபவர் வணிகர். அடித்துக் கொடுப்பதில் நாணயசாலைக்குக் கூலி. மறுக்கக் காரணமில்லை. ஆண்டையும் மாற்ற வேண்டாம் என்று அப்படியே விட்டார்கள். 1780 என்ற எண் காலத்தைக் காட்டுவதை அன்றோடு நிறுத்தியது. முத்தைப் போல, இறகைப் போல அதுவும் அச்சில் ஓர் அங்கம் ஆகிவிட்டது.

கியூன்ஸ்பர்க் நாணயசாலை 1805இல் மூடப்பட்ட பிறகும் எஸ், எஃப் எழுத்துகள் போகவில்லை. வியன்னா, பிராக், கிரெம்னிட்சா, கார்ல்ஸ்பர்க், மிலான், வெனிஸ் என்று எங்கே அடித்தாலும் அதே எழுத்தோடு அடித்தார்கள். எஸ், எஃப் இருக்கிறது, ஆகவே இது ஆதி கியூன்ஸ்பர்க் காசு என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் நம்ப வேண்டாம். வியன்னாவில் இன்று அடிக்கும் காசிலும் அதே எழுத்துதான்.

உள்ளூரில் செல்லாது, வெளியூரில் செல்லும்

1857 செப்டம்பரில் பேரரசர் பிரான்ஸ் யோசெஃப் இந்தத் தாலரை அதிகாரபூர்வ வணிக நாணயம் என்று அறிவித்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1858 அக்டோபர் முடிவோடு, சொந்த நாட்டில் அது செல்லாக்காசு ஆனது. வியன்னாவில் ஒரு ரொட்டி வாங்க முடியாது; எத்தியோப்பியாவில் ஒரு கழுதை வாங்கலாம்.

எத்தியோப்பியாவில் சில்லறைக்கு அமோலே எனப்படும் உப்புக்கட்டி, பெரிய கணக்குக்குத் தாலர். சந்தையில் எடைக்கல்லாகவும் அதுவே உட்கார்ந்தது. தட்டார்கள் அதை உருக்கித்தான் சிலுவையும் வளையலும் செய்தார்கள். ஏமனிலும் ஓமானிலும் பெண்களின் கழுத்துமாலைகளில் முழுக் காசாகவே கோத்துப் போட்டார்கள். காபி, தந்தம், துப்பாக்கி எல்லாமே தாலரில் விலை பேசப்பட்டன. அடிமைகளும் அப்படியே. செங்கடல் கரையில் ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் விற்றது இந்தக் காசுக்குத்தான். தேய்ந்த பழைய தாலரைக் கையில் எடுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயருக்கும் இந்தக் காசின் பிடிவாதம் தெரிந்தது. 1867 கடைசியில் ராபர்ட் நேப்பியர் தலைமையில், பெரும்பாலும் பம்பாயிலிருந்து கிளம்பிய படை எத்தியோப்பியாவின் மக்தலாக் கோட்டைக்குப் புறப்பட்டது. வழியில் தீவனம் வாங்க, சுமை மாடு வாடகைக்குப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் தாலர் வேண்டும். அவர்களுடைய சவரனையும் ரூபாயையும் உள்நாட்டு மக்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வியன்னாவிலிருந்து பெட்டி பெட்டியாகத் தாலர் வரவழைத்த பிறகுதான் காரியம் நடந்தது.

போட்டிக்கு வந்த இரண்டு காசுகள்

எந்த இடத்தில் இந்தக் காசின் பலம் இருந்தது என்று அறிய, அதை ஒதுக்க முயன்ற இரண்டு பேரைப் பார்த்தால் போதும்.

முதலில் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனலிக். சொந்த நாட்டில் அயல்நாட்டு அரசியின் முகம் ஓடுவது எந்தப் பேரரசருக்கும் உறுத்தத்தான் செய்யும். 1894இல் பாரிஸ் நாணயசாலையில் தன் முகமும் சிங்கமும் போட்ட காசை அடிக்கச் செய்தார். எடையில் தாலரைப் போலவே, தரத்தில் துளி கூடுதல். மிக அழகான காசு. எத்தியோப்பிய எழுத்து வெள்ளியில் அவ்வளவு எடுப்பாக நிற்கிறது. இரண்டே ஆண்டில் அட்வா போரில் இத்தாலியைத் தோற்கடித்தவர் அவர், நாடு முழுக்க மரியாதை உண்டு. ஆனாலும் தலைநகரை விட்டு வெளியே போனால் மக்கள் கேட்டது மரியா தெரேசாவைத்தான்.

அடுத்தது இத்தாலி. எரித்ரியா அப்போது அவர்கள் கையில். 1918இல் ஒரு தந்திரம் செய்தார்கள். மரியா தெரேசா சாயலிலேயே ஒரு பெண் முகம், பின்னால் ஒரு கழுகு, அதே பருமன், அதே எடை. பெயர் மட்டும் இத்தாலியத் தாலர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். மக்கள் கையில் வாங்கிப் பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மெனலிக்கின் காசாவது தான் வேறு என்று சொல்லிக்கொண்டு வந்தது. இது ஒன்றாக நடிக்க வந்தது, சந்தையில் சந்தேகம் இரட்டிப்பாகியிருக்கும். சேகரிப்பாளர்களிடம் இன்று அந்த 1918 காசுக்கு அசல் தாலரைவிடப் பல மடங்கு விலை. சந்தையில் எடுபடாததால்தான் அது அரிதாகிப்போனது.

1935: அச்சை விலைபேசியவர்

எரித்ரியாவில் பட்ட அனுபவத்திலிருந்து இத்தாலி ஒன்றைக் கற்றுக்கொண்டது. போலச் செய்தால் போதாது, அதையேதான் செய்ய வேண்டும்.

எத்தியோப்பியா மீது படையெடுக்க முசோலினி தயாராகிக்கொண்டிருந்த நேரம். போர் என்றால் உள்ளூர்க் கூலி, சுமைதூக்கி, கழுதை, லஞ்சம், எல்லாவற்றுக்கும் தாலர் வேண்டும். 1935 ஜூலையில் ஆஸ்திரியாவோடு ஓர் உடன்பாடு. தாலர் அடிக்கும் உரிமை 25 ஆண்டுக்கு இத்தாலிக்கு. அச்சுகள் வியன்னாவிலிருந்து ரோமுக்குப் போயின. அக்டோபர் 3 அன்று இத்தாலியப் படை எல்லை தாண்டியது.

இந்த உடன்பாட்டின் பாரம் முதலில் தெரிந்தது லண்டனில். ஏடன், ஏமன், சூடான், சோமாலியாக் கரை என்று ஆங்கிலேய வணிகர்கள் புழங்கிய இடங்களிலெல்லாம் தாலர் இல்லாமல் வியாபாரம் இல்லை. இனி அதை வாங்க ரோமிடம் போக வேண்டும், ரோம் சொல்வதுதான் விலை. லண்டன் வெள்ளி வணிகர்கள் தங்கள் அரச நாணயசாலையை அணுகினார்கள். அங்கே தயக்கம் இருந்திருக்க வேண்டும். வேறு நாட்டு அரசியின் முகத்தை அந்த நாட்டு அனுமதி இல்லாமல் அடிப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் ஆஸ்திரியாவிலேயே அது சட்டப்படி செல்லும் காசு இல்லை என்பது வசதியாகப் போனது. செல்லாத ஒன்றைப் பிரதி எடுத்தால் கள்ளக்காசு என்று எப்படிச் சொல்வது? 1936 முதல் லண்டனில் தாலர் அடிபட்டது. பாரிஸும் பிரஸ்ஸல்ஸும் இதில் சேர்ந்துகொண்டன. அச்சு ரோமிடம் இருந்ததால் இவர்கள் நல்ல காசு ஒன்றைப் பார்த்துப் புது அச்சு வெட்டினார்கள். முத்து, இறகு, முக்காட்டு மடிப்பு ஆகியவற்றில் நூலளவு வேறுபாடுகள் வந்தது இதனால்தான். ஒவ்வொரு நாணயசாலையின் காசையும் தனித்தனியாக அடையாளம் காணச் சேகரிப்பாளர்கள் இன்றும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நூலளவைத்தான்.

பம்பாய்த் தாலர்

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1940இல் இத்தாலி உலகப் போரில் இறங்கியது. எத்தியோப்பியாவிலிருந்து அதை விரட்ட ஆங்கிலேயர் திட்டமிட்டார்கள். உள்நாட்டு வீரர்களுக்குச் சம்பளம், ஒட்டகம், தானியம், எல்லாம் தாலரில். லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கிழக்கே கப்பல் அனுப்புவதும் ஆபத்து. எனவே வேலை பம்பாய் நாணயசாலைக்கு வந்தது. 1940, 1941 இரண்டு ஆண்டுகளில் பம்பாயில் அடித்தது ஏறத்தாழ 1.9 கோடி தாலர். ரோம் 1935 முதல் 1939 வரை அடித்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எடைக் கணக்கில் பம்பாயின் பங்கு 500 டன்னைத் தாண்டும்.

இதே 1940இல்தான் இந்தியாவின் சொந்த ரூபாயில் வெள்ளியைக் குறைத்தார்கள். அதுவரை ஆயிரத்துக்கு 917ஆக இருந்த தரம் 500க்கு இறங்கியது. ஆறாம் ஜார்ஜ் ரூபாயைக் கல்லில் உரசிப் பார்க்கும் நம் ஊர்த் தட்டார்கள் "இது பாதி வெள்ளிதாங்க" என்று சொல்வது அந்த மாற்றத்தைத்தான். ஒரே நாணயசாலை, ஒரே காலம். இந்தியருக்கு அடித்த காசில் பாதி வெள்ளி. எத்தியோப்பியருக்கு அடித்த காசில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, ஒரு குண்டுமணி குறையவில்லை. இந்தியாவில் ரூபாய் சட்டப்படி செல்லும் காசு. வெள்ளி குறைந்தாலும் மக்கள் வாங்கித்தான் தீர வேண்டும். எத்தியோப்பிய விவசாயியை அப்படிக் கட்டாயப்படுத்த யாராலும் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவர் கையில் இருந்தது, அதனால் வெள்ளியும் முழுசாக இருந்தது.

1941 ஜனவரியில், நாட்டை விட்டு வெளியேறியிருந்த எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி சூடான் எல்லையைக் கடந்து தாய்நாட்டில் கால் வைத்தார். ஆங்கிலேய அதிகாரி ஆர்ட் விங்கேட் தலைமையிலான சிறு படை அவரோடு ஒட்டகங்களில் தாலர் ஏற்றிக்கொண்டு மலையேறியது. மே 5 அன்று அவர் அடிஸ் அபாபாவுக்குள் நுழைந்தார். அந்த நகரம் இத்தாலியிடம் விழுந்து அன்றோடு சரியாக ஐந்து ஆண்டு.

அப்புறம் கதை சீக்கிரம் முடிகிறது. 1945இல் எத்தியோப்பியா சொந்த நோட்டு வெளியிட்டு, தாலரைப் படிப்படியாகத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏமனில் 1960கள் வரை ஓடியது. ஓமான் 1970இல் சொந்த ரியாலுக்கு மாறியது. இத்தாலியின் 25 ஆண்டு முடிந்ததும் ஆஸ்திரியா உரிமையைத் திரும்பப் பெற்றது. லண்டன் உள்ளிட்ட மற்றவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். வியன்னா மட்டும் இன்றும் அடிக்கிறது, 1780 என்றே போட்டு.

மத்ரா சந்தையில் வாங்கிய ஒன்று

மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே மத்ரா சந்தையின் வெள்ளிக் கடையில் வாங்கிய தாலரைக் கொண்டுவந்தார். "அண்ணே, இது ஒரிஜினல்தானா?" என்பது கேள்வி. அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வெள்ளியா? நாணயசாலையில் அடித்ததா? எப்போது அடித்தது?

வெள்ளியா என்பதற்குப் பதில் வீட்டிலேயே கிடைக்கும். வேண்டியது கிராமில் இரண்டு தசமம் காட்டும் சிறு தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் தையல் நூல். முதலில் காசை எடை போட்டோம்: 27.91 கிராம். புழங்கித் தேய்ந்த காசுக்கு இது சரியான எடை. பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியம் ஆக்கினோம். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீரில் முழுக்கத் தொங்கவிட்டோம். தராசு 2.74 காட்டியது. 27.91ஐ 2.74ஆல் வகுத்தால் 10.19. ஆறில் ஐந்து பங்கு வெள்ளியும் மீதி செம்புமாக இருந்தால் அடர்த்தி 10.2 வர வேண்டும். பொருந்துகிறது. அதே எடையில் செம்பு நிக்கல் கலவையில் செய்த போலியாக இருந்தால் தண்ணீரில் 3.1க்கு மேல் காட்டியிருக்கும். காந்தம் மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: இரும்புப் போலியைத்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். பித்தளைக்கு முலாம் பூசியிருந்தால் அது சும்மா இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு விளிம்பு. பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருந்தன, எழுத்துக்கிடையே பூவேலை தெளிவு. வார்ப்படப் போலியில் முகமும் கழுகும் ஓரளவு தேறிவிடும், விளிம்புதான் காலை வாரும். எழுத்து மழுங்கியிருக்கும், அல்லது நடுவில் ஒட்டுக் கோடு ஓடும். இதில் அப்படி எதுவும் இல்லை. விளிம்பின் மேற்பகுதியில் மட்டும், அரசியின் தலைக்கு நேர் மேலே, நகத்தால் தடவினால் தட்டுப்படும் சிறு மேடு. ஈயத்தின் நிறத்தில் ஒரு பொட்டு. வளையம் பற்றவைத்து எடுத்த தடம் அது. இந்தக் காசு ஒரு காலத்தில் யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்கியிருக்கிறது. கன்னத்திலும் தோளிலும் தேய்மானம் சீராகப் படிந்திருந்தது, கழுகுப் பக்கம் இன்னும் கூடுதலாக வழவழப்பாகியிருந்தது. பின்பக்கம் உடையில் உரசிக்கொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும்.

வளையத் தடம் இருந்தால் நாணயச் சந்தையில் விலை குறையும். இந்தக் காசைப் பொறுத்தவரை இந்த வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. புத்தம்புதிதாகப் பெட்டியில் இருக்கும் வியன்னாத் தாலரைவிட, கழுத்தில் கிடந்து தேய்ந்த இதுதான் தன் வேலையைச் செய்த காசு.

மூன்றாவது கேள்வி, எப்போது? இங்கேதான் பொறுமை வேண்டும். தோள் ஊசியின் முத்து, தலையணி முத்து, கழுகின் வால் இறகு, எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியின் வடிவம், விளிம்புப் பூவேலை எல்லாவற்றையும் ஒவ்வொரு நாணயசாலையின் மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒரு குறியை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தேய்மானத்தில் முத்துகளே மறைந்திருந்த இந்தக் காசில் நாணயசாலைப் பெயரைச் சொல்ல முடியவில்லை. அச்சு விழுந்த சீர்மையையும் வட்டத்தின் துல்லியத்தையும் பார்த்தால் அரசி காலத்துக் காசு இல்லை என்பது மட்டும் உறுதி. நண்பரிடம் அப்படியே சொன்னேன். வெள்ளி அசல், நாணயசாலையில் அடித்தது அசல், ஓமானில் புழங்கியது அசல். 1780 என்பது மட்டும் பிறந்த தேதி இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

தாலர் ஒன்றில் இருக்கும் சுத்த வெள்ளி 23.39 கிராம், வெள்ளியை எடைபோடும் டிராய் அவுன்ஸ் அளவில் 0.752. அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கினால் அடிமதிப்பு வந்துவிடும். சாதாரணக் காசுக்கு அதற்கு மேல் சிறிதளவு கொடுக்கலாம். "1780 ஒரிஜினல்" என்று பல மடங்கு கேட்டால் காசைக் கீழே வைத்துவிடலாம். உண்மையிலேயே அரசி உயிரோடு இருந்தபோது அடித்த தாலர் வேண்டுமென்றால் 1780ஐத் தேடிப் போகாமல் 1760களிலோ 1770களிலோ ஆண்டு போட்ட தாலரை வாங்குங்கள். அந்த ஆண்டுகள் உறையவில்லை. பிற்காலத்தில் அடித்ததோ என்ற குழப்பமும் குறைவு.

முத்திரை குத்திய தாலர்களில் எச்சரிக்கை வேண்டும். அரபு நாட்டுப் பகுதிகளான ஹிஜாஸ், நஜ்து பெயர்கள் அரபியில் குத்தியவையும், போர்ச்சுகீசிய மொசாம்பிக்கில் கிரீடத்தோடு இரண்டெழுத்து குத்தியவையும் உண்டு. அசல் முத்திரைக்கு நல்ல விலை உண்டு என்பதாலேயே, சாதாரணத் தாலரில் புதிதாக முத்திரை குத்தி விற்பவர்கள் நிறைய. காசு அசல், முத்திரை போலி. முத்திரையின் பள்ளத்துக்குள் அழுக்கும் நிறமும் சுற்றுப்புறத்தைப் போலவே பழசாக இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும் அது சரி. காசின் மேலே படிந்திருக்கும் கருமை பல்லாண்டுக் காற்று செய்த வேலை, ஒருமுறை போனால் வராது. புளியும் பற்பசையும் இன்னும் மோசம். பிளாஸ்டிக் உறை வாங்கும்போது மெதுமெதுவென்று வாசனை அடிக்கும் வகையைத் தவிர்க்கவும். அதிலிருந்து கசியும் பிசின் பச்சைப் பாசிபோலக் காசில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, ரசீது. இந்தியச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. போன வருடம் வியன்னாவில் அடித்த தாலரிலும் 1780 என்றுதான் இருக்கும். விமான நிலையத்தில் அதைப் பார்ப்பவரிடம் வாய்வார்த்தையாக விளக்கிக்கொண்டிருப்பதைவிட, பிற்காலத்தில் அடித்தது என்று எழுதிய ரசீதைக் காசோடு வைத்துக்கொள்வது நல்லது.

தாலர் ஒன்று கையில் வந்துவிட்டால் அடுத்து எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: மெனலிக்கின் 1894 காசு ஒன்று, முடிந்தால் எரித்ரியாவின் 1918 காசு ஒன்று, கூடவே நம் ஆறாம் ஜார்ஜின் பாதி வெள்ளி ரூபாய் ஒன்று. கடைசியில் சொன்னதுதான் விலை குறைவு, அதிலிருந்தே தொடங்கலாம்.